குறி பிசகினா முதல்ல வெடிமருந்தைப் பாருங்க, ஸ்கோப்பை அப்புறம் பாக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமீபத்துல நம்ம பேப்பர்ல வாசகர் கேள்வி பகுதியில ஒரு பெரியவர் கேட்டிருந்தாரு, அமெரிக்காவுல ஒஹையோல வேலை பாக்கற அவரோட மகன் மான் வேட்டை சீசனுக்காக மஸில்லோடர் ரைஃபிள், அதாவது பேரல் வாய் வழியா மருந்தையும் குண்டையும் போட்டுச் சுடற துப்பாக்கி ஒண்ணு வாங்கியிருக்கான், குண்டு எங்கெங்கயோ போகுதுங்கறான், குறி பாக்க துப்பாக்கி மேல மாட்டற தூரக்கண்ணாடி, அதான் ஸ்கோப், எதை மாட்டச் சொல்லலாம்னு. அதுக்கு வந்த பதில் ரெண்டே வரி. ஜூம் அதிகமா இருக்கற நல்ல கம்பெனி ஸ்கோப்பா வாங்கச் சொல்லுங்க, குறி தப்பாதுன்னு. அதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு மனசு ஆறல, ஏன்னா அந்தப் பையன் அதை நம்பி பெரிய ஸ்கோப்பா மாட்டிக்கிட்டு அரைகுறையா ஜீரோ பண்ணிட்டு, அதாவது குறி வெச்ச எடத்துலயே குண்டு படற மாதிரி ஸ்கோப்பை சரியா திருத்தாம, காட்டுக்குள்ள போனா, ஒரு மான் வயித்துல குண்டை வாங்கிக்கிட்டு மைல் கணக்கா ஓடி எங்கயோ விழுந்து ராத்திரி பூரா துடிச்சு சாகும். இது காசு விஷயம் மட்டும் இல்லீங்க.

நான் டில்லியில இருக்கறவன், துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சுல பல வருஷமா பாயிண்ட் 22 ரைஃபிள் சுடறேன். 1982 ஏஷியன் கேம்ஸுக்காக கட்டின அதே ரேஞ்ச்தான். என் மச்சினன் இண்டியானாவுல இருக்கான், அவன் மஸில்லோடர்காரன், அவன் சுடும்போது பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு குண்டும் எங்க பட்டுதுன்னு ஸ்பாட்டிங் ஸ்கோப்ல பாத்து நோட்டுல எழுதிக் குடுத்தது நான். அதனால இதைக் கொஞ்சம் விவரமா எழுதறேன். இங்க நம்ம நாட்டுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைங்கறது குற்றம், அதுல ரெண்டு பேச்சு இல்ல, நான் சொல்றது எல்லாம் அந்த ஊரு சட்டப்படி அங்க லைசன்ஸ் எடுத்து வேட்டைக்குப் போறவங்களுக்குத்தான். குறி வைக்கறதுல இருக்கற கணக்கு மட்டும் ரேஞ்சுல சுடற நம்ம புள்ளைங்களுக்கும் பொருந்தும்.

முதல்ல ஜூம் விஷயம். ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகள்ல ஸ்கோப்பே கிடையாது, தெரியுமா? 10 மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்ல பத்து பாயிண்டுங்கறது அரை மில்லிமீட்டர் புள்ளி, அதை பெரிசு பண்ணிக் காட்டற கண்ணாடி எதுவும் இல்லாமத்தான் 2008ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரு, 2012ல சென்னையில பொறந்த ககன் நாரங் வெண்கலம் வாங்கினாரு, நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில தங்கம் வாங்கினது எல்லாம். ஜூம் குறியை உண்டாக்காது, இருக்கற குறியைக் காட்டும், கூடவே உங்க கை நடுக்கத்தையும் பெரிசா காட்டும்.

இப்ப மஸில்லோடருக்கு வரேன். இது மத்த ரைஃபிள் மாதிரி கிடையாதுங்க. சாதாரண ரைஃபிளுக்கு ஃபேக்டரியில செஞ்ச தோட்டா, ஒரு டப்பால இருபதும் கிட்டத்தட்ட ஒண்ணு போல இருக்கும். மஸில்லோடர்ல ஒவ்வொரு தடவையும் தோட்டாவை செய்யறது நீங்கதான், பேரலுக்குள்ளயே, அதாவது துப்பாக்கிக் குழாய்க்குள்ளயே. மருந்தை அளந்து கொட்டி, ப்ளாஸ்டிக் கப்புக்குள்ள உக்காந்திருக்கற குண்டை, அதை சாபோன்னு சொல்லுவாங்க, வாய்ப்பக்கம் வெச்சு கெட்டிக் கம்பியால அடி வரைக்கும் இறக்கி, அப்புறம் பின்னாடி ப்ரைமரை, அதாவது மருந்தைப் பத்த வைக்கற சின்ன கேப்பை வைக்கணும். அளவு கொஞ்சம் மாறினாலும், குண்டை இறக்கற அழுத்தம் மாறினாலும், பேரல் உள்ள கரி எவ்வளவு படிஞ்சிருக்குங்கறது மாறினாலும் குண்டு வேற எடத்துக்குப் போகும். ஃபில்டர்ல காபிப் பொடியை ஒரு நாள் அழுத்தி ஒரு நாள் லூசா போட்டா டிகாக்ஷன் எப்படி ஒரே மாதிரி எறங்கும், அதே கதைதான். ஆக, குண்டு சிதறுதுன்னா முதல் சந்தேகம் மருந்து மேலயும் கெட்டிக்கிற விதம் மேலயும் வரணும், ஸ்கோப் மேல இல்ல. அந்தப் பையன் விஷயத்துல யாரும் இதைக் கேக்கவே இல்ல.

இப்ப அங்க அதிகமா விக்கறது இன்லைன் மாடல், அதாவது ப்ரைமர் பேரலுக்கு நேர் பின்னாடி உக்காரும், பெரும்பாலும் பாயிண்ட் 50 இஞ்ச் விட்டம். 1985ல டோனி நைட் எம்.கே. 85னு ஒண்ணு கொண்டு வந்ததுலேர்ந்துதான் இது பரவிச்சு. 209 நம்பர் ஷாட்கன் ப்ரைமர் போடறாங்க. பேரல் உள்ள குண்டைச் சுழல வைக்கற முறுக்குக் கோடு 28 இஞ்சுக்கு ஒரு சுத்து இருந்தா சாபோ குண்டுக்கு ஒத்துவரும், பழைய காலத்து உருண்டைக் குண்டுக்கு 48 இஞ்ச், 66 இஞ்சுக்கு ஒரு சுத்துன்னு மெதுவா போற பேரல்தான் சரி. இந்த ரெண்டையும் மாத்திப் போட்டா எந்த ஸ்கோப்பாலயும் காப்பாத்த முடியாது. நம்ம ஊரு பக்கம் நாட்டுத் துப்பாக்கின்னு பறிமுதல் பண்ணி போட்டோ போடறாங்களே, அதுல பெரும்பாலும் பேரல் உள்ள வழவழன்னு இருக்கும், கோடே இருக்காது, அது வேற ஜாதி, அதையும் இதையும் ஒண்ணா நினைக்கக் கூடாது.

மருந்து விஷயத்துல ஒண்ணு அழுத்தமா சொல்லணும். அவங்க போடறது கரிமருந்து, இல்லன்னா அதுக்குப் பதிலா வர பைரோடெக்ஸ், ட்ரிபிள் செவன், ப்ளாக்ஹார்ன் 209 மாதிரி மருந்து. சாதாரண தோட்டாவுல போடற ஸ்மோக்லெஸ் பவுடரை கரிமருந்துக்காக செஞ்ச துப்பாக்கியில போடவே கூடாது, பேரல் வெடிச்சு கையும் கண்ணும் போயிரும். அளவும் எடையில இல்ல, கொள்ளளவுல, அதுக்குன்னு இருக்கற அளவுக் குழாயிலதான். டப்பாவுலேர்ந்து நேரா பேரல்ல கொட்டறதும் கூடாது, உள்ள ஒரு பொறி மிச்சம் இருந்தா டப்பாவே கைக்குள்ள பத்திக்கும். குண்டு மருந்து மேல ஒட்டி உக்காரணும், நடுவுல இடைவெளி இருந்தா அதுவும் ஆபத்து. அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க கெட்டிக் கம்பியில ஒரு கோடு போட்டு வெச்சிருப்பாங்க, குண்டு முழுசா இறங்கினா கோடு சரியா பேரல் வாய்க்கு நேரா நிக்கும், அதுக்கு மேல நின்னா எங்கயோ தப்பு, ஒருவேளை ஏற்கனவே ஒரு குண்டு உள்ள இருக்கலாம்.

எவ்வளவு மருந்துன்னு கேட்டா, பல பசங்க 50 கிரெயின் மாத்திரை (மாத்திரை மாதிரி அழுத்தின மருந்து, கிரெயின்ங்கறது குண்டுக்கு எடை, மருந்துக்கு அளவுக் குழாய்ல இருக்கற கோடு) மூணை உள்ள தள்ளி 150 கிரெயின்ல சுடறானுங்க, டப்பாவுல மேக்னம்னு போட்டிருக்கேன்னு. லேசான துப்பாக்கியில அது தோளை ஒதைக்கற ஒதையில மூணாவது குண்டுக்கே கண்ணை மூடிக்கிட்டு இழுப்பான், அப்புறம் ஸ்கோப் சரியில்லன்னு சொல்லுவான். துப்பாக்கி புக்லெட்ல குடுத்திருக்கற வரம்புக்குள்ள 100 கிரெயின் கிட்ட ஆரம்பிச்சு, கொஞ்சம் கூட்டிக் குறைச்சு எதுல குண்டு நெருக்கமா விழுதுன்னு பாக்கறதுதான் புத்திசாலித்தனம். மச்சினன் துப்பாக்கியில நான் எழுதின நோட்டுல இதுதான் பளிச்சுன்னு தெரிஞ்சது, மருந்தைக் கொறைச்சப்ப குண்டுங்க விழுந்த கூட்டம் சின்னதா இருந்துச்சு.

ஜீரோ பண்றதை எப்படிப் பண்ணணும்னா, எடுத்த எடுப்புல 100 கஜத்துல பேப்பரை வெச்சு சுடறது வீண். முதல்ல 25 கஜம். ரைஃபிளை பெஞ்சுல மணல் மூட்டை மேல வெச்சு, சும்மா ஒரு ப்ரைமரை மட்டும் சுட்டு உள்ள இருக்கற எண்ணெயை எரிச்சுட்டு, அப்புறம் லோட் பண்ணி ஒரு குண்டு. எங்க பட்டுதோ அங்கேர்ந்து நடுவுக்கு வர மாதிரி ஸ்கோப்புல இருக்கற குமிழை க்ளிக் க்ளிக்குன்னு திருப்பணும். இங்கதான் நிறைய பேர் கணக்குல கோட்டை விடறாங்க. எம்.ஓ.ஏ.ங்கறது ஒரு கோண அளவு, கால் எம்.ஓ.ஏ. க்ளிக்குன்னா 100 கஜத்துல ஒரு க்ளிக்குக்கு கால் இஞ்ச் நகரும், 50ல அரைக்கால் இஞ்ச், 25ல வெறும் வீசம் இஞ்ச்தான், அதாவது 25 கஜத்துல ஒரு இஞ்ச் நகர்த்த 16 க்ளிக் வேணும். நாலு க்ளிக் திருப்பிட்டு ஒண்ணும் அசையலயேன்னு ஸ்கோப்பை கடையில திருப்பிக் குடுக்கறவங்க இருக்காங்க. 25ல நடுவுல கொண்டு வந்துட்டா 100லயும் பேப்பருக்குள்ள விழும், அப்புறம் 50, அப்புறம் 100. ஒரு குண்டைப் பாத்து க்ளிக் திருப்பறது 25ல மட்டும்தான், அதுக்கு மேல மூணு குண்டு சுட்டு அதோட நடுவைப் பாத்துத்தான் திருப்பணும், இல்லன்னா சிதறலைத் துரத்திக்கிட்டே நாள் போயிரும்.

ஒவ்வொரு குண்டுக்கும் நடுவுல ஈரத் துணி ஒண்ணு, காஞ்ச துணி ஒண்ணு உள்ள விட்டு எடுக்கணும். ட்ரிபிள் செவன்ல பேரல் அடிப்பக்கம் ஒரு வளையம் மாதிரி கரி கட்டும், அடுத்த குண்டு அதுல முட்டிக்கிட்டு முழுசா இறங்காது. ப்ளாக்ஹார்ன்ல அந்தத் தொல்லை கம்மி. பேரல் சூடாயிட்டா ஆற விடணும். அவசரமே ஆகாதுங்க இதுல, ஒரு காலைப் பொழுதை முழுசா ஒதுக்கணும். இன்னொண்ணு, சுத்தமா எண்ணெய் தடவின பேரல்லேர்ந்து போற முதல் குண்டும், ஒரு தடவை சுட்டு கரி படிஞ்ச பேரல்லேர்ந்து போற குண்டும் ஒரே எடத்துல படறது அபூர்வம். வேட்டையில கிடைக்கறது பெரும்பாலும் ஒரே ஒரு குண்டு. அதனால காட்டுக்கு எந்த நிலைமையில கொண்டு போகப் போறீங்களோ அந்த நிலைமையிலதான் ஜீரோ வெக்கணும், சுத்தமான பேரல்னா ஒவ்வொரு குண்டுக்கும் சுத்தம் பண்ணிட்டு. பெஞ்சுல அழகா மூணு குண்டை ஒரே ஓட்டையில போட்டு போட்டோ எடுத்து அனுப்பறது பெரிசில்ல, அந்த முதல் குண்டு எங்க போகுதுங்கறதுதான் மானுக்கு முக்கியம்.

தூரமும் ஏமாத்தும். 250 கிரெயின் சாபோ குண்டு செகண்டுக்கு 1700 அடி வேகத்துல கிளம்புதுன்னு வைங்க, 100 கஜத்துல ஜீரோ பண்ணியிருந்தா 150 கஜத்துல அரை அடி கிட்ட இறங்கும், 200ல ஒன்றரை அடி கிட்ட. சைடுல மணிக்கு 16 கிலோமீட்டர் காத்து அடிச்சா 100 கஜத்துலயே மூணு இஞ்ச் தள்ளும். பெரிய ஜூம்ல 200 கஜத்துல நிக்கற மான் பக்கத்துல நிக்கற மாதிரி தெரியும், தெரியறதாலயே சுட்டுடலாம்னு தோணும், அங்கதான் என் பயமே.

சரி, ஸ்கோப் வேணாமான்னு கேப்பீங்க. வேணும், கண்டிப்பா உதவும், சட்டம் விட்டா. ஸ்டேட்டுக்கு ஸ்டேட் சட்டம் வேற, கொலராடோவுல மஸில்லோடர் சீசன்ல ஸ்கோப்பே கூடாது, பென்சில்வேனியாவுல கிறிஸ்துமஸ் முடிஞ்சு வர சீசன்ல சக்கிமுக்கிக் கல்லால நெருப்பு பிடிக்கற பழைய மாடல் மட்டும்தான். வாங்கறதுக்கு முன்னாடி அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் பாக்கச் சொல்லுங்க.

ஸ்கோப்புங்களை ஒப்பிடறதுக்கு கடையில லைட் வெளிச்சத்துல கண்ணை வெச்சுப் பாத்து பிரயோஜனம் இல்ல. மான் வெளிய வரது விடிகாலையிலயும் இருட்டற நேரத்துலயும். அந்த நேரத்துக்கு ஒரு சின்ன கணக்கு இருக்கு, முன்கண்ணாடி அகலத்தை ஜூமால வகுத்தா கண்ணுக்கு வர வெளிச்ச வட்டம் எவ்வளவுன்னு வந்துரும். 3 லேர்ந்து 9 ஜூம், 40 மில்லிமீட்டர் கண்ணாடின்னா, 4ல வெச்சா 10 மில்லிமீட்டர், 9ல வெச்சா 4.4. இளவட்டங்க கண்ணு பாப்பா இருட்டுல 7 வரைக்கும் விரியும், வயசானா 5 கிட்ட நின்னுடும். அதாவது மங்கின வெளிச்சத்துல ஜூமைக் குறைச்சாத்தான் நல்லா தெரியும், ஏத்தினா இருட்டிரும். 50 மில்லிமீட்டர் கண்ணாடி வாங்கினா வெளிச்சம் கொஞ்சம் கூடும்தான், ஆனா அதை உசரமான ரிங்ல, அதாவது ஸ்கோப்பைப் பிடிக்கற வளையத்துல, மாட்டணும், அப்ப கன்னம் கட்டையில பதியாது, தலை தூக்கலா நிக்கும், ஒவ்வொரு தடவையும் கண்ணு வேற எடத்துல இருக்கும். நான் கேட்டா 2 லேர்ந்து 7, இல்ல 3 லேர்ந்து 9ன்னு சொல்லுவேன், அதுக்கு மேல மஸில்லோடர் தூரத்துக்குத் தேவையே இல்ல.

டில்லியில நாங்க பண்ற முறை ஒண்ணு இருக்கு. டிசம்பர் மாசத்து சாயங்காலம், மூடுபனியும் புகையுமா இருக்கும்போது, ரைஃபிள்ல மாட்டாம வெறும் ஸ்கோப்புங்களை மட்டும் மொட்டை மாடியில ஒரே ஸ்டாண்டுல பக்கம் பக்கமா வெச்சு, ஒரே ஜூம்ல, தூரத்துல இருக்கற ஏதாவது ஒரு போர்டோட எழுத்தைப் படிக்கறது. எந்த ஸ்கோப்ல எழுத்து முதல்ல கரையுது, எதுல க்ராஸ்ஹேர், அதாவது உள்ள தெரியற கூட்டல் குறிக் கோடு, கடைசி வரைக்கும் கறுப்பா தெரியுதுன்னு பாத்தா போதும், விலைச் சீட்டு சொல்லாததை அது சொல்லிரும். ஒஹையோவுல அந்தப் பையனும் இதைச் செய்யலாம், அங்க பனி மூட்டம் இல்லன்னா சூரியன் மறைஞ்ச நேரம்.

அடுத்தது ஐ ரிலீஃப், அதாவது கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் இடைவெளி. நாலு இஞ்ச் கிட்ட இருக்கணும், இல்லன்னா ஒதைக்கும்போது ஸ்கோப் விளிம்பு புருவத்தைக் கிழிச்சிரும். பேரலக்ஸ் எத்தனை கஜத்துக்கு செட் பண்ணியிருக்காங்கன்னும் பாக்கணும், 150க்கு செட் பண்ணதை வெச்சு 50ல சுட்டா கண்ணை லேசா நகர்த்தினாலே க்ராஸ்ஹேர் டார்கெட் மேல நடக்கும். க்ராஸ்ஹேருக்குக் கீழ வட்டம் வட்டமா போட்டு 150, 200 கஜம்னு எழுதி விக்கற ரெட்டிகிள் இருக்கே, அது ஏதோ ஒரு மருந்துக்கும் ஏதோ ஒரு குண்டுக்கும் போட்ட கணக்கு, பெரும்பாலான ஸ்கோப்ல ஒரு குறிப்பிட்ட ஜூம்ல மட்டும்தான் அது சரியாவும் இருக்கும். உங்க குண்டு எந்த வட்டத்துல விழுதுன்னு பேப்பர்ல சுட்டுப் பாக்காம அதை நம்பக் கூடாது.

க்ளிக் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு 40 க்ளிக் மேல, 40 வலது, 40 கீழ, 40 இடதுன்னு சதுரமா சுத்தி ஆரம்பிச்ச எடத்துக்கே திரும்புதான்னு பாப்பாங்க, 50 கஜத்துல ஒவ்வொரு பக்கமும் 5 இஞ்ச் வரணும். மத்த ரைஃபிள்ல சுட்டே பாக்கலாம். மஸில்லோடர்ல சுட்டுப் பாத்தா மருந்தோட சிதறல் எது, ஸ்கோப்போட தப்பு எதுன்னு பிரிக்கவே முடியாது. அதனால மருந்து, ப்ரைமர் எதுவும் இல்லாத வெறும் துப்பாக்கியை ரேஞ்சுல ஆடாம இறுக்கி வெச்சு, எதிர்ல கட்டம் போட்ட பேப்பரை ஒட்டி, சுடாமலே க்ளிக்கைத் திருப்பி க்ராஸ்ஹேர் எந்தக் கோட்டுக்குப் போகுதுன்னு கண்ணால பாருங்க. அரை மணி வேலை. இதுல ஸ்கோப் பாஸ் ஆயிடுச்சுன்னா அப்புறம் குண்டு சிதறினா அது ஸ்கோப் இல்ல, முடிஞ்சது பேச்சு. அந்தப் பையன் கிட்ட இப்ப ஸ்கோப் ஏதாவது இருந்தா, புதுசுக்கு டாலரைக் கொட்டறதுக்கு முன்னாடி அதை இப்படி ஒரு தடவை பாக்கட்டும்.

ஸ்கோப்பைத் துப்பாக்கியோட பிணைக்கற மவுண்ட் ஸ்க்ரூவையும் பாக்கட்டும். நிறைய கேஸ்ல கோளாறு அங்கதான், அடியில இருக்கற பேஸ் ஸ்க்ரூ ஒண்ணு லூசா இருக்கும், மேல ரிங்கை மட்டும் நெரிச்சு வெச்சிருப்பாங்க. அதிகமா இறுக்கினா ஸ்கோப் ட்யூப் நசுங்கும், கம்மியா இறுக்கினா ஒதையில நழுவும், டார்க் ரென்ச், அதாவது எவ்வளவு இறுக்கறோம்னு காட்டற ஸ்பேனர், வெச்சு ரிங் கம்பெனிக்காரங்க சொல்ற அளவுக்கு இறுக்கறதுதான் சரி. காசை ரெண்டா பிரிக்கணும்னா நான் நடுத்தரமான ஸ்கோப்பும் உசத்தியான மவுண்டும்னுதான் பிரிப்பேன், திருப்பி இல்ல.

சுட்டு முடிச்ச அன்னைக்கே பேரலைக் கழுவணும், மறுநாள்னு தள்ளக் கூடாது. கரிமருந்து சாம்பல்ல இருக்கற உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து ஒரு ராத்திரியில துருப்பிடிக்க வெச்சிரும். பைரோடெக்ஸும் அப்படித்தான், சுடுதண்ணியும் சோப்பும் போதும், நல்லா காய வெச்சு எண்ணெய் தடவணும். ப்ளாக்ஹார்னுக்கு மட்டும் தண்ணி இல்ல, அதுக்கு சால்வென்ட். துருப்பிடிச்ச பேரல்ல ஜீரோ நிக்காது.

ஆசிரியர் சார், கடிதம் நீண்டு போச்சுன்னு தெரியும். இடம் பத்தலைன்னா ஸ்கோப் ஒப்பிடற பகுதியை எவ்வளவு வேணா வெட்டிக்கோங்க, ஸ்மோக்லெஸ் பவுடர் பத்தி எழுதின பத்தியை மட்டும் தயவு செஞ்சு வெட்டாதீங்க. அந்தப் பெரியவருக்கு இது அச்சுல வர வரைக்கும் காத்திருக்காம தபால்லயோ போன்லயோ சொல்லிட்டா இன்னும் நல்லது, ஒஹையோல மஸில்லோடர் சீசன் ஜனவரி ஆரம்பத்துல வரும், பையனுக்கு ரேஞ்சுக்குப் போக நாள் வேணும்.

இப்படிக்கு,
மயூர் விஹார் வாசகர் ஒருவர்,
டில்லி